ஆஸ்திரேலியாவில் உதவித்தொகையுடன் முனைவர் பட்டம்: தர்மபுரி வாசகிக்குப் பதில்

கேள்வி: என் வயது 32. சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.இ. முடித்துவிட்டுத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். சிஜிபிஏ 7.9. எங்கள் மாவட்டத்துக் கிணற்று நீரிலிருந்து புளோரைடை அகற்றுவது பற்றித்தான் எம்.இ. ஆய்வு. இரண்டு கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன; அவற்றில் ஒன்று பணம் கட்டியதும் ஒரே வாரத்தில் வந்தது. ஆஸ்திரேலியாவில் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். இரண்டு மறுத்துவிட்டன, இரண்டு பதிலே போடவில்லை. சென்னையில் ஒரு முகவர், ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தால் உதவித்தொகையோடு இடம் உறுதி என்கிறார். கொடுக்கலாமா? என் மதிப்பெண் போதுமா? வயது தடையாகுமா? கணவரையும் ஐந்து வயது மகளையும் அழைத்துப்போக முடியுமா?
- வாசகி, தர்மபுரி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

முகவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மற்ற கேள்விகளுக்குப் பிறகு வருகிறேன். இதை மட்டும் இன்றே முடிவு செய்துவிடுங்கள். கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவரைச் சேர்த்துவிட்டால் முகவருக்குப் பல்கலைக்கழகம் தரகு தருகிறது. முனைவர் பட்ட உதவித்தொகை அந்த வழியில் வருவதே இல்லை. அதை முடிவு செய்வது பல்கலைக்கழகத்தின் குழு. நெறியாளரின் கருத்து, மதிப்பெண், ஆய்வு அனுபவம், பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றை வைத்து அந்தக் குழு விண்ணப்பங்களை வரிசைப்படுத்தும். அந்த வரிசையில் யாரையும் மேலே ஏற்றும் வழி வெளியாள் எவருக்கும் கிடையாது. "உறுதி" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு நடைமுறை தெரியாது, அல்லது தெரிந்தே ஏமாற்றுகிறார்.

நான் ஆஸ்திரேலியாவில் நீர்ப் பொறியியல் துறையில் ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராக இருக்கிறேன். உதவித்தொகைக்கு விண்ணப்பங்களை வரிசைப்படுத்தும் குழுவிலும் இருந்திருக்கிறேன். உங்கள் கடிதத்தை அந்தக் கண்ணோடு படித்தபோது, உங்கள் விண்ணப்பம் மறுக்கப்பட்டதற்குக் காரணம் உங்கள் தகுதிக் குறைவு அல்ல என்றே எனக்குத் தோன்றியது. உங்களை அறிந்த ஒருவர்கூட உள்ளே இல்லாத நிலையில் படிவத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள்.

இங்கே முனைவர் பட்டத்துக்கான பணம் இரண்டு வழிகளில் வருகிறது. முதல் வழி, ஆஸ்திரேலிய மத்திய அரசின் ஆய்வுப் பயிற்சித் திட்டம். ஆர்டிபி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முன்பிருந்த பல திட்டங்களை ஒன்றாக்கி 2017-இல் தொடங்கினார்கள். பணத்தை அரசு பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்துவிடும். யாருக்குத் தருவது என்பதைப் பல்கலைக்கழகம் தீர்மானிக்கும். பல்கலைக்கழகங்கள் சொந்தப் பணத்தில் தரும் உதவித்தொகைகளும் பெரும்பாலும் இதே போட்டியில் சேர்ந்துவிடுகின்றன. இந்தப் போட்டி கடுமையானது. வெளிநாட்டு விண்ணப்பதாரர்களில் ஐஐடி, ஐஐஎஸ்சி மாணவர்களும், சீனாவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் முதலிடம் பெற்றவர்களும், நல்ல ஆய்விதழ்களில் நான்கைந்து கட்டுரை வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். உங்கள் 7.9 அங்கே மட்டமானது அல்ல. ஆனால் அதை மட்டும் வைத்து மேலே வருவது கடினம்.

இரண்டாவது வழி, பேராசிரியரின் கையில் இருக்கும் ஆய்வுத் திட்டப் பணம். ஆஸ்திரேலிய ஆய்வுக் கவுன்சிலோ, ஒரு குடிநீர் வாரியமோ, சுரங்க நிறுவனமோ, சிஎஸ்ஐஆர்ஓ போன்ற அரசு ஆய்வு அமைப்போ ஒரு குறிப்பிட்ட வேலைக்காகப் பணம் கொடுத்திருக்கும். அதில் ஒரு முனைவர் பட்ட மாணவருக்கான தொகையும் அடங்கியிருக்கும். அந்தப் பேராசிரியர் தேடுவது பல்கலைக்கழகத்தின் முதல் மதிப்பெண்காரரை அல்ல. அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவரை. உங்கள் வழி இதுதான் என்று நான் நினைக்கிறேன். கிணறு கிணறாகப் போய் மாதிரி எடுத்து, அயனி மின்முனை வைத்துப் புளோரைடு அளந்து, உறிஞ்சு பொருள்களைச் சோதித்துப் பார்த்த ஒருவர், அந்த வேலைக்கு ஆள் தேடும் பேராசிரியருக்கு 9.5 சிஜிபிஏ-வை விடப் பெரிய செய்தி.

உங்கள் ஆய்வு தர்மபுரிக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் புளோரைடு சிக்கலுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-இல் அது தொடங்கப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். இங்கே வட ஆட்சிப் பகுதியிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டிலும், நிலத்தடி நீரைத் தவிர வேறு நீர் இல்லாத பழங்குடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. அந்த நீரில் சில இடங்களில் நைட்ரேட், சில இடங்களில் யுரேனியம், சில இடங்களில் புளோரைடு அளவுக்கு மீறி இருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே லரம்பா என்ற குடியிருப்பின் மக்கள் குடிநீரில் இருந்த யுரேனியத்துக்காக வழக்காடியது நாடறிந்த செய்தி. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது ஆஸ்திரேலிய வழிகாட்டி. உங்கள் ஆய்வேட்டிலும் அந்த எண் இருக்கும். மின்கட்டணம் செலுத்தவும் பழுது பார்க்கவும் ஆள் இல்லாத ஊரில் ஒரு சுத்திகரிப்பு அமைப்பு எப்படித் தொடர்ந்து ஓடும் என்ற கேள்வி உங்கள் மாவட்டத்துப் பென்னாகரத்துக்கும் லரம்பாவுக்கும் பொதுவானது. அதற்குக் களத்திலிருந்து பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இங்கே குறைவு.

சரி, அந்தப் பேராசிரியரை எங்கே தேடுவது? உங்கள் எம்.இ. ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். அதில் ஆஸ்திரேலிய முகவரியோடு இருக்கும் கட்டுரைகளைத் தனியே எடுங்கள். அவற்றை மேற்கோள் காட்டிய புதிய கட்டுரைகளையும் பாருங்கள். உங்கள் துறையில் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். அடிலெய்டில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் நிலத்தடி நீர் ஆய்வுக்குப் பெயர் பெற்றது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்புலம் கொண்டு உப்பையும் புளோரைடையும் பிரிக்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் நீர், சுற்றுச்சூழல் உயிரித் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. மாசுபட்ட நிலத்தையும் நீரையும் மீட்கும் ஆய்வுக்கு நியூகாசில் பல்கலைக்கழகம். பெர்த் நகரில் கழிவுநீரை மிக நுணுக்கமாகச் சுத்திகரித்து நிலத்தடியில் செலுத்தும் திட்டமே நடக்கிறது. அதைச் சுற்றி அங்குள்ள பல்கலைக்கழகங்களில் ஆய்வுகள் உண்டு.

மெல்போர்ன், சிட்னி என்ற பெயர்களையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். "எட்டுப் பல்கலைக்கழகக் குழு" என்று பெயர் எடுத்தவற்றுக்குத்தான் உலகமே விண்ணப்பிக்கிறது. உங்கள் துறையில் நல்ல ஆய்வகம் சிறிய நகரத்தில் இருக்கலாம். முனைவர் பட்டம் முடிக்கும்போது உங்களை அறிமுகப்படுத்தப் போவது உங்கள் ஆய்வும் உங்கள் நெறியாளரும்தான்.

இன்னொரு வழியைப் பலரும் பயன்படுத்துவதில்லை. ஆஸ்திரேலிய ஆய்வுக் கவுன்சில் ஒவ்வொரு சுற்றிலும் யாருக்கு, எந்தத் தலைப்புக்கு, எந்தப் பல்கலைக்கழகத்தில், எவ்வளவு பணம் கொடுத்தது என்பதைத் தன் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. "நிலத்தடி நீர்", "உப்பு நீக்கம்", "குடிநீர்" என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். அண்மையில் பணம் கிடைத்தவர் அடுத்த சில மாதங்களில் மாணவர் தேடுவார். குறிப்பாக டெக்ரா என்ற விருது பெற்ற இளம் ஆய்வாளர்களைக் கவனியுங்கள். முனைவர் பட்டம் முடித்து ஓரிரு ஆண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் இருப்பவர்களுக்கான விருது அது. பெரிய பேராசிரியருக்கு வாரத்துக்குப் பல மடல்கள் வரும். அவற்றில் பெரும்பாலானவை படிக்கப்படுவதில்லை. டெக்ரா பெற்ற இளைஞர் தன் ஆய்வுக் குழுவை இப்போதுதான் கட்டுகிறார். நல்ல மடல் வந்தால் அவரே உட்கார்ந்து பதில் எழுதுவார்.

அந்த மடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு வரும் மடல்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் உலகப் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர்வது என் வாழ்நாள் கனவு. எந்தத் தலைப்பிலும் ஆய்வு செய்ய ஆயத்தமாக இருக்கிறேன். என் சுயவிவரத்தை இணைத்துள்ளேன்." இதில் என் ஆய்வைப் பற்றி ஒரு சொல் இல்லை, அனுப்பியவரைப் பற்றியும் இல்லை. எந்தத் தலைப்பும் சரி என்பவர் எதிலும் ஊன்றியவர் இல்லை என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். பெண் பேராசிரியரையும் "ஐயா" என்று விளிக்கும் மடல்கள் இன்னும் வருகின்றன. இங்கே "டாக்டர்" அல்லது "பேராசிரியர்" என்று சேர்த்துக் குடும்பப் பெயரைச் சொன்னால் போதும்.

நீங்கள் எழுதினால் இப்படித் தொடங்கலாம் (ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், பொருளை மட்டும் தருகிறேன்): "புளோரைடு அகற்றும் அமைப்பில் கார்பனேட் அதிகமுள்ள நீரில் திறன் குறைவதாக நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். தமிழ்நாட்டில் கடினப் பாறைப் பகுதிக் கிணறுகளில் நான் செய்த அளவீடுகளிலும் அதே போக்கைக் கண்டேன்; ஆனால் கோடை மாதங்களில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. என் அளவீடுகளில் ஒரு வரைபடத்தை இணைத்திருக்கிறேன். இந்த வகை ஆய்வில் அடுத்த ஆண்டு முனைவர் பட்ட மாணவர் இடம் உங்களிடம் இருக்குமா?" அவ்வளவுதான். அரைப் பக்கம். அதோடு இரண்டு பக்கச் சுயவிவரம், மதிப்பெண் பட்டியல். உங்கள் உண்மையான முடிவுகளை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பத்து பேருக்குச் சிந்தித்து எழுதிய மடல், நூறு பேருக்கு அனுப்பிய ஒரே மடலை விட அதிகப் பதில் கொண்டுவரும். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவரிடம் போங்கள்.

பதில் வந்தால் பெரும்பாலும் காணொளியில் பேச அழைப்பார்கள். உங்கள் எம்.இ. ஆய்வில் எது சரியாக வரவில்லை, ஏன் என்று கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையாகவும் விவரமாகவும் பதில் சொல்பவரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். நீங்களும் கேளுங்கள்: பணம் எங்கிருந்து வருகிறது, எத்தனை ஆண்டுக்கு, வெளிநாட்டு மாணவருக்கான படிப்புக் கட்டணமும் அதில் அடங்குமா?

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டு மாணவருக்கு முனைவர் பட்டக் கட்டணம் பொறியியலில் ஆண்டுக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போகும். சில திட்டப் பணங்கள் மாதச் செலவுக்கு மட்டுமே தருகின்றன. கட்டண விலக்கைப் பல்கலைக்கழகத்திடம் தனியாகப் பெற வேண்டும். சில அறிவிப்புகள் ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே. அந்த வரி அறிவிப்பின் அடியில் சிறிதாக இருக்கும். நெறியாளர் "சரி" என்று சொன்னாலே உதவித்தொகை கிடைத்துவிட்டது என்றும் பொருள் இல்லை. அவர் சம்மதம் ஒன்று. பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் ஒன்று. உதவித்தொகைக் கடிதம் ஒன்று. மூன்றும் கையில் வந்த பிறகுதான் கல்லூரியில் ராஜினாமா கொடுக்க வேண்டும்.

இப்போது உங்கள் மதிப்பெண்ணுக்கு வருகிறேன். சேர்க்கைக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் எதிர்பார்ப்பது முதல் வகுப்புக்கு நிகரான முடிவும், ஆய்வு செய்த அனுபவமும். உங்களிடம் இரண்டும் இருக்கின்றன. ஆனால் எம்.இ.-யில் உங்கள் ஆய்வு எவ்வளவு பெரியது என்பது உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் இங்குள்ளவருக்குப் புரியாது. "திட்டப்பணி கட்டம் 2" என்ற ஒரு வரிதான் இருக்கும். ஆகவே துறைத் தலைவரிடமிருந்து கல்லூரித் தாளில் ஒரு கடிதம் வாங்குங்கள். இரண்டு பருவம் நடந்த தனி ஆய்வு, எத்தனை பக்க ஆய்வேடு, வெளித் தேர்வாளர் முன் வாய்மொழித் தேர்வு, மொத்த மதிப்பில் அதன் பங்கு என்று அதில் இருக்க வேண்டும். குழுவில் இருந்தபோது, நல்ல விண்ணப்பங்கள் இந்த ஒரு விளக்கம் இல்லாமல் கீழே போனதைக் கண்டிருக்கிறேன்.

ஒரே வாரத்தில் வந்த கட்டுரையைப் பற்றி. எல்லாக் கட்டுரைகளையும் குறிப்பிடச் சொல்லும் படிவத்தில் அதை மறைக்க வேண்டாம்; ஆனால் அதை முன்னால் வைக்கவும் வேண்டாம். இங்குள்ள குழுக்களுக்கு அத்தகைய ஆய்விதழ்கள் நன்றாகத் தெரியும். அதை ஈடுகட்ட ஒரே வழி, உங்கள் ஆய்வேட்டில் இதுவரை வெளிவராத அளவீடுகளை வைத்து ஒரு நல்ல கட்டுரை எழுதுவது. நல்ல ஆய்விதழ்களில் வெளியிடப் பணம் வேண்டும் என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். சந்தா முறையில் இயங்கும் ஆய்விதழ்கள் பல ஆசிரியரிடம் எதுவும் கேட்பதில்லை. கட்டுரை வெளிவராவிட்டாலும், "மதிப்பீட்டில் உள்ளது" என்று சொல்ல முடிந்தாலே உங்கள் நிலை மாறும்.

பரிந்துரைக் கடிதம் தருபவர்களிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: கல்லூரி அல்லது பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். ஜிமெயிலிலிருந்து வரும் பரிந்துரையைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. ஆங்கிலத் தேர்வில் ஐஇஎல்டிஎஸ் மொத்தம் 6.5, எந்தப் பிரிவிலும் 6-க்குக் குறையாமல் என்பது பரவலான அளவு. பிடிஇ, டோஃபல் மதிப்பெண்களும் ஏற்கப்படும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், சான்றிதழில் முதலெழுத்தாகவும் இருந்தால், எல்லாப் படிவங்களிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, வெளிநாட்டு மாணவர்களுக்கான பெரிய உதவித்தொகைச் சுற்று பல இடங்களில் ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் முடியும். முடிவு ஆண்டு இறுதியில் வரும். அடுத்த ஆண்டு சேர்வீர்கள். அதனால் மார்ச்சுக்குள் மடல் எழுதத் தொடங்கிவிட வேண்டும். திட்டப் பண இடங்களுக்கு இந்தக் காலக் கணக்கு பொருந்தாது. எந்த மாதத்திலும் அறிவிப்பு வரலாம்.

வயது தடையே அல்ல. நாற்பதைத் தாண்டியவர்கள் இங்கே ஆய்வு மாணவர்களாகச் சேர்கிறார்கள். படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவுக்கு 2024 ஜூலை முதல் வயது வரம்பை 35 ஆகக் குறைத்தார்கள். முனைவர் பட்டம் உள்ளிட்ட ஆய்வுப் பட்டம் பெற்றவர்களுக்குப் பழைய 50 வயது வரம்பே தொடர்கிறது.

குடும்பக் கணக்குதான் கடினம், அதை மறைக்கக்கூடாது. ஆர்டிபியின் அடிப்படை உதவித்தொகை 2025-இல் ஆண்டுக்கு 33,511 டாலர். அதற்கு வரி இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏறத்தாழ 1,290 டாலராகக் கணக்கில் விழும். சிட்னியில் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறைக்கே வாரத்துக்கு 300 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். தனியாள் இதில் சிக்கனமாக வாழலாம். மூவருக்குப் போதாது. மாணவர் விசாவுக்கு 2024 மே முதல் காட்ட வேண்டிய ஆண்டுச் செலவு, உங்களுக்கு 29,710 டாலர், கணவருக்கு 10,394, குழந்தைக்கு 4,449. மூன்றும் சேர்ந்து 44,553. உதவித்தொகைக் கடிதம் இதில் பெரும் பங்கை ஈடுகட்டும். மீதிக்கும் பயணச் செலவுக்கும் பள்ளிச் செலவுக்கும் வங்கி இருப்பைக் காட்ட வேண்டியிருக்கும். விசாக் கட்டணமே 2025 ஜூலை முதல் 2,000 டாலர். கணவருக்கும் மகளுக்கும் தனி. மருத்துவக் காப்பீட்டைப் பல பல்கலைக்கழகங்கள் மாணவருக்கு மட்டுமே தருகின்றன; குடும்பத்துக்கான கூடுதல் தொகை பெரியது. ஏற்பதற்கு முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறுதலான செய்தியும் உண்டு. ஆய்வு மாணவரான உங்களுக்கும், படிப்பு தொடங்கிய பிறகு உங்கள் கணவருக்கும் வேலை நேரக் கட்டுப்பாடு இல்லை. கணவர் முழுநேர வேலையில் அமர்ந்துவிட்டால் குடும்பம் நிமிர்ந்துவிடும். என் கருத்தில், நீங்கள் முதலில் வந்து ஓர் அரையாண்டு ஊன்றிக்கொண்டு, வீடும் பள்ளியும் பார்த்த பிறகு அவர்கள் வருவது நல்லது. ஆனால் மகளையும் கணவரையும் குடும்ப உறுப்பினர்களாக முதல் விசா விண்ணப்பத்திலேயே தெரிவித்துவிடுங்கள். அப்போது சொல்லாமல் விட்டால் பிறகு அவர்களுக்கு விசா வாங்குவது சிக்கலாகும். அரசுப் பள்ளிக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. ஆய்வு மாணவரின் பிள்ளைகளுக்கு விலக்கு தரும் மாநிலங்களும் இருக்கின்றன. இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தால் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

மகளை விட்டு வருவதும் முடியாது, கூட்டி வருவதும் முடியாது என்ற நிலை வந்தால், இன்னொரு வழி இருக்கிறது. மெல்போர்ன் பல்கலைக்கழகமும் சென்னை ஐஐடியும் இணைந்து முனைவர் பட்டம் தருகின்றன. பெரும்பகுதியைச் சென்னையில் செய்துவிட்டு, குறைந்தது ஓராண்டு மெல்போர்னில் இருக்கலாம். மோனாஷும் மும்பை ஐஐடியும் 2008 முதல் இதே போன்ற ஆய்வுக் கழகத்தை நடத்துகின்றன. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தில்லி ஐஐடியோடு நடத்துகிறது. சென்னை ஐஐடியில் நீர் தொடர்பான இணைத் திட்டம் இருக்கிறதா என்று அவர்களது சேர்க்கை அறிவிப்பில் பாருங்கள். தர்மபுரியிலிருந்து சென்னை ஒரு இரவு ரயில் தூரம்தான்.